இன்ஜினைத் தேடி வரும் பட்டறை



கார் பழுதானால் பட்டறைக்குக் கொண்டு போகிறோம். இன்ஜினைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பழுது பார்க்கிறார்கள். கப்பலின் இன்ஜின் பழுதானால் என்ன செய்வது? 2006ஆம் ஆண்டில் கடலுக்கு வந்த 'எம்மா மெர்ஸ்க்' என்ற கொள்கலன் கப்பலின் இன்ஜினுக்கு 14 சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் உள்விட்டமும் 96 சென்டிமீட்டர். இன்ஜினின் எடை ஏறக்குறைய 2,300 டன். இத்தகைய இன்ஜினை வெளியே எடுக்க வேண்டுமானால் கப்பலையே வெட்டித் திறக்க வேண்டும். ஆகவே, பட்டறைதான் இன்ஜினைத் தேடி வர வேண்டியிருக்கிறது.

சிலிண்டருக்குள் பிஸ்டன் உரசுவது 'லைனர்' எனப்படும் குழாயின்மீது. லைனர் தேய்ந்தால் கழற்றிவிட்டுப் புதியதைப் போடலாம். ஆனால், அது உட்கார்ந்திருக்கும் பிளாக்கின் விளிம்பே தேய்ந்துபோனால்தான் சிக்கல். இன்ஜின் ஓட ஓட, லைனர் கண்ணுக்குத் தெரியாத அளவில் அசைந்து அந்த விளிம்பை அரிக்கிறது. குளிரூட்டும் நீர் கசிந்து துருவும் சேர்ந்தால் குழிகள் விழுகின்றன. அதன்மேல் புதிய லைனரை வைத்தாலும் சமமாக உட்காராது; மீண்டும் நீர் கசியும்.

வெல்டிங் வைத்துக் குழியை நிரப்பலாமே என்று கேட்கலாம். பிளாக் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஓரிடத்தில் மட்டும் சூடேறினால் அது விரிசல் விடக்கூடும். அதனால் தொழிலாளர்கள் ஒரு சிறிய கடைசல் இயந்திரத்தைப் பகுதி பகுதியாக இன்ஜின் அறைக்குள் இறக்கி, பிளாக்கின்மீதே பொருத்துகிறார்கள்.

முதல் வேலை வெட்டுவதல்ல, மையம் பார்ப்பது. தேயாத பகுதியை ஆதாரமாக வைத்து, டயல் கேஜின் முள்ளைப் பார்த்தபடி, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் சில பங்கே வரும் அளவுக்கு இயந்திரத்தை நேராக்குகிறார்கள். அது தலைமுடியின் தடிமனிலும் குறைவு. பிறகு குழி மறையும்வரை மெல்ல மெல்லச் சீவுகிறார்கள். சீவிய அளவுக்கே ஓர் உலோக வளையம் வைத்து உயரத்தை ஈடுசெய்கிறார்கள். கை தவறி அதிகமாகச் சீவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

இந்த வேலையில் தீச்சுடர் இல்லை என்பதும் முக்கியம். 1978 அக்டோபர் 12ஆம் தேதி, ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்ப்பில் இருந்த 'ஸ்பைரோஸ்' எண்ணெய்க் கப்பல் வெடித்ததில் 76 பேர் மாண்டனர். வெட்டும் சுடரின் பொறி எரிபொருள் தொட்டியின் ஆவியில் பட்டதே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. சுடர் இல்லாவிட்டாலும் எண்ணெயும் புழுக்கமும் குறுகலான இடமும் இன்றும் ஆபத்துதான். காற்றோட்டத்தைச் சோதித்து, அனுமதிச் சீட்டு வாங்கிய பிறகே உள்ளே இறங்க வேண்டும்.

செம்பவாங்கில் பிரிட்டிஷார் 1938இல் திறந்த கடற்படைத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் திரளாக உழைத்தார்கள். 1968இல் அங்கிருந்த கப்பல் பட்டறை சிங்கப்பூரின் கைக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள் பலர் கப்பல் பட்டறைகளில் அந்தப் பணியைத் தொடர்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்பவர்களில் அப்படிப்பட்ட ஒருவரும் இருக்கலாம். அவர் செய்வது வெறும் கூலிவேலை என்று எண்ணுவோர் உண்டு. நடுக்கடலில் ஒரு கப்பல் நிற்காமல் ஓடுவது, முடியிழை அளவும் பிசகாத அவர் கையால்தான்.