வீட்டுக் கதையும் பேசத் தடுமாறும் பிள்ளையும்

முதலாம் தரத்துக்கு வரும் பிள்ளைகளுள் சிலர், கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் விடையளித்துவிட்டு மௌனமாகிவிடுவர். நடந்ததை முன்பின்னாக மாற்றி உரைப்பர். இவர்களை மந்தரென்றும் சோம்பேறிகளென்றும் ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே பலர். இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில், பாடசாலையில் புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகளிடையே நடத்தப்பெற்று 2016 இல் வெளியான ஆய்வொன்று, வெளிப்படையான வேறு காரணம் எதுவுமின்றியே நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு மொழிக் குறைபாடு இருக்கக் கண்டது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் இரண்டு பேர்! இது பிள்ளையின் பிடிவாதமுமன்று, பெற்றோரின் குற்றமுமன்று.

இத்தகைய பிள்ளைக்கு வீட்டார் அளிக்கக்கூடிய நற்றுணை கதையாகும். யார், எங்கே, என்ன நேர்ந்தது, ஏன், முடிவு யாது என்னும் ஒழுங்கு கதையில் உண்டு. அவ்வொழுங்கு மனத்திற் பதியாத பிள்ளை, பின்னாளில் பாடநூலை எழுத்துக்கூட்டி வாசித்தாலும் பொருளை விளங்க இடர்ப்படும்.

வடையை இழந்த காகத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். கைத்தொலைபேசியை அப்பால் வைத்துவிட்டு, பிள்ளையின் முகம் நோக்கி, சிறு வாக்கியங்களாற் சொல்லுங்கள். அதே கதையைப் பலநாளுஞ் சொல்லுங்கள். சலிப்பு நமக்கேயன்றிப் பிள்ளைக்கன்று. பழகிய கட்டம் வந்ததும் நிறுத்தி, மனத்துள் பத்துவரை எண்ணிக் காத்திருங்கள். பிள்ளை, "காகம் வடை போச்சு" என்றால், "பிழை, திருப்பிச் சொல்" என்று அதட்டலாகாது. "ஓம் ராசா, காகம் வாயைத் திறந்தது, வடை கீழே விழுந்து போச்சு" என அதன் கருத்தையே நிறைவாக்கித் திருப்பிக் கொடுங்கள். "நரி ஏன் காகத்தைப் பாடச் சொன்னது?" என்று அடுத்த நாள் கேட்கலாம்.

அம்மம்மாவும் அப்பாச்சியும் வீட்டில் வழங்கும் மொழியிலேயே கதை சொல்லட்டும். ஆங்கிலம் கற்கத் தொடங்கிய பிள்ளைக்குத் தமிழை நிறுத்திவிட வேண்டுமெனச் சிலர் எண்ணுகின்றனர். இருமொழி கேட்பதால் மொழிக் குறைபாடு உண்டாவதில்லை. வீட்டு மொழியை நிறுத்தினால் பாட்டியுடன் பேசும் வாய்ப்பையும் பிள்ளை இழந்துவிடும்.

ஒன்றை மறத்தலாகாது. கதை சிகிச்சைக்கு மாற்றன்று. இரண்டு வயது நிரம்பியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையை, "தானாக வரும்" என்று காத்திராது வைத்தியரிடம் காட்டுங்கள். முதலிற் செவிப்புலனைப் பரிசோதித்தல் வேண்டும்; பின்னர் பேச்சு மொழிச் சிகிச்சையாளரின் ஆலோசனையைப் பெறுங்கள். அவர் காட்டும் வழியிலே நாள்தோறும் பத்து நிமிடமாவது கதை தொடரட்டும்.