கம்புக் கணக்கு

குமாரலிங்கபுரத்துக் கரிசல்காட்டுச் சம்சாரி ஒருவர் கம்பு சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் ஒரு மணி, மறுநாள் இரண்டு, அடுத்த நாள் நாலு. இப்படித் தினமும் இரட்டித்தால் 31-ஆம் நாள் மொத்தக் குவியல் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 மணிகள். லாரிதான் பிடிக்கணும்!

இதை மிச்சமில்லாமல் பிள்ளைகளுக்குச் சரிசமமாகப் பிரித்துக் கொடுக்க நினைத்தால் நடக்காது. ரெண்டு பேர், ஏழு பேர், நூறு பேர்... யாருக்கும் சரியாக வராது. ஏனென்றால் இது பகா எண்.

1772-இல் இதை நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர். அப்போது அவருக்குக் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டது. 2 முதல் 46,340 வரையுள்ள எண்களால் வகுபடவில்லை என்று காட்டினால் போதும். அதிலும், 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வருகிற பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும் என்று வேலையைச் சுருக்கிக்கொண்டார். கெட்டிக்காரத்தனம் அங்கேதான்!

எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது பகா எண்தானா என்று விரைவாக, சந்தேகமறச் சொல்லும் பொதுவழியை 2002-இல் கண்டவர்கள் நம் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா.

பழைய கம்ப்யூட்டர்கள் பல, 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணுகின்றன. அவற்றால் எண்ண முடிகிற கடைசி எண்ணும் நம் கம்புக் குவியலின் அதே எண்தான். நம்ம நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அந்தக் கணக்கு நிரம்பிவிடும். அதற்குள் மாற்றியாக வேண்டும், வேலை நடந்துகொண்டிருக்கிறது.