ஜாமீன் மனு எடுக்கும்போது அவள் எங்கே?

(மாணவர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடும்பக் கொடுமை வழக்குகளில் ஜாமீன் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுவதற்கு முன்னால் நமக்குள்ள ஒரு சங்கடத்தை வெளியே எடுத்து வச்சிடறேன். நாம் ஜாமீன் கேட்டே பழக்கப்பட்டவர்கள். ராத்திரியில் சேரிக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு போன பையன்களுக்காக, வீட்டு வரி ரசீதும் கையுமாகக் கோர்ட் வாசலில் நிற்கிறவர்கள். தீர்ப்புக்கு முன்பே ஒருத்தனை உள்ளே வைப்பது தண்டனைதான் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். 1978-ல் மோதிராம் வழக்கு என்று ஒன்று. அவர் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார். சுப்ரீம் கோர்ட்டே ஜாமீன் கொடுத்த பிறகும் கீழே இருந்த மாஜிஸ்ட்ரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். கூடப்பிறந்தவர் வந்து நின்றால், உன் சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு தள்ளிவிட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து எழுதிய தீர்ப்பை நாம் கொண்டாடுகிறோம். சரி. அப்படிப்பட்ட நாம், ஒரு பெண் அடிபட்டு வந்து நிற்கும்போது மட்டும் 'அவனுக்கு ஜாமீன் கொடுக்காதே' என்று கேட்கலாமா?

எல்லா வழக்கிலும் ஜாமீனை மறுக்கணும்னு நான் கேட்க மாட்டேன். நான் கேட்பது வேறு. அந்த மனு எடுக்கப்படும் நேரத்தில் அவளும் அந்த அறையில் இருக்கணும். அவள் சொல்வதைக் கேட்ட பிறகுதான் உத்தரவு வரணும். கேட்க எளிதாக இருக்கு, இல்லையா? நடக்கிறதா என்று பார்ப்போம்.

498ஏ பிரிவு 1983-ல் வந்தது. கணவனோ அவன் உறவினரோ கொடுமை செய்தால் 3 ஆண்டு வரை சிறை. ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று சட்டத்தில் இருக்கு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் இது 85-ஆம் பிரிவு. பழக்கத்தில் எல்லோரும் 498ஏ என்றே சொல்கிறோம், நானும் அப்படியே சொல்றேன். 'ஜாமீனில் விட முடியாத' என்றால் ஜாமீனே கிடையாது என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஸ்டேஷனிலேயே உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது, நீதிமன்றம் முடிவு செய்யும், அவ்வளவுதான்.

2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட், இந்த வழக்குகளில் தானாகக் கைது செய்யாதே, கைது ஏன் தேவை என்று காரணம் எழுது, இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரி என்றது. பொதுவாக இது நல்ல விதி. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள எல்லாக் குற்றத்துக்கும் பொருந்தும். நம் பையன்களுக்கும் பொருந்தும். ஆனால் அந்தத் தீர்ப்பு அங்கே வந்து சேர்ந்த வழி இருக்கே, அதைக் கவனிக்கணும். 2012-ல் இந்தப் பிரிவில் கைதானவர்கள் 1,97,762 பேர். குற்றப்பத்திரிகை தாக்கலான விகிதம் 93.6 சதவீதம். தண்டனை 15 சதவீதம். இதைக் காட்டி, சட்டத்தைப் பெண்கள் ஆயுதமாக்கிவிட்டார்கள் என்கிறது தீர்ப்பு. அதே கணக்கை நான் வேறு மாதிரி படிக்கிறேன். நூற்றுக்கு தொண்ணூற்று மூன்றில் வழக்கு இருக்கு என்று போலீசே சொல்லுது. பிறகு பதினைந்தில்தான் தண்டனை. நடுவில் என்ன நடந்தது? வெளியே வந்தவன் யார் யாரைப் போய்ப் பார்த்தான்? சாட்சி ஏன் பிறழ்ந்தது? அவளை யார் சமாதானம் பேச உட்கார வைத்தார்கள்? பொய்ப் புகார் இல்லவே இல்லை என்று நான் சொல்லலை. தண்டனை குறைந்ததையே பொய்க்குச் சான்றாக வைக்கிற நியாயத்தைத்தான் கேட்கிறேன். வன்கொடுமை வழக்குகளிலும் நம்மிடம் இதே கணக்கைத்தானே காட்டுகிறார்கள்?

2017-ல் ராஜேஷ் சர்மா வழக்கில் ஒரு படி மேலே போய், குடும்ப நலக் குழு அறிக்கை கொடுக்கும் வரை கைது கூடாது என்றார்கள். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே அந்தக் குழுக்களை நீக்கியது. 2022-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இன்னொரு வடிவில் கொண்டுவந்தது: முதல் தகவல் அறிக்கை பதிவாகி இரண்டு மாதம் கைது கிடையாது, குழு பேசும். 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. அந்த இரண்டு மாதமும் அவள் எங்கே இருப்பாள்? அம்மா வீட்டில். காலனியில் ஒற்றை அறை வீடு, அதில் அண்ணனும் அண்ணியும். ஆறப்போடும் காலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆறுவது யாருக்கு?

இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றேன். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு போன தலித் பெண்கள் எழுதிய புகார் மனுக்களைப் படிச்சிருக்கேன். தனி டம்ளர். அடுப்படிக்குள் வராதே, சாமி அறைப் பக்கம் வராதே. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அவன் மட்டும் போவான். பிள்ளை பிறந்ததும், அதை அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது. அப்புறம் அடி. இதைக் கொண்டுபோய் மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்தால் முதல் கேள்வி, "வரதட்சணை கேட்டாங்களாம்மா?" கேட்கலை என்றால் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, "குடும்பப் பிரச்சினை, பேசித் தீர்த்துக்கங்க." 498ஏ-க்கு வரதட்சணை கட்டாயமே இல்லை. உடலையோ மனதையோ கடுமையாகப் பாதிக்கிற கொடுமை போதும் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கு. 2024-ல் சுப்ரீம் கோர்ட்டும் திரும்பச் சொன்னது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்ன செய்யும்? சாதி சொல்லி இழிவுபடுத்துவது 3(1)(ஆர்) பிரிவு. ஆனால் அது 'பொதுமக்கள் பார்வையில்' நடந்திருக்கணும். நாலு சுவருக்குள் நடந்தால் இந்தப் பிரிவு வராது என்று 2020-ல் ஹிதேஷ் வர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சாதி தெருவில்தான் இருக்கு என்று சட்டம் நினைக்குது. இந்தப் பெண்ணுக்கோ தெருவில் அவள் இன்னாருடைய மனைவி, சமையலறையில்தான் சாதி.

இன்னொரு வாசல் இருக்கு. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 3(2)(விஏ) என்று ஒரு பிரிவு. தலித் என்று தெரிந்தே ஒருவருக்கு எதிராக அட்டவணையில் உள்ள குற்றத்தைச் செய்தால் அது வன்கொடுமை. இதற்குப் பொதுமக்கள் பார்வை தேவையில்லை. அட்டவணையை எடுத்துப் பாருங்கள். அடித்துக் காயப்படுத்துவது இருக்கு, மிரட்டல் இருக்கு. 498ஏ மட்டும் இல்லை! கட்டிய மனைவியைக் கொடுமை செய்வது வன்கொடுமையாக இருக்கக்கூடும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கு. ஆகவே புகாரில் 'கொடுமை செய்தார்' என்று பொதுவாக எழுதினால் 498ஏ-யோடு நின்றுபோகும். என்றைக்கு, எதனால் அடித்தான், என்ன சொல்லி மிரட்டினான் என்று தனித்தனியாக எழுதினால் 3(2)(விஏ) சேர்க்கச் சொல்லி வாதாடலாம். சாதி தெரியாது என்று கணவன் சொல்ல வழியில்லை. குடும்பத்தோடு பழக்கம் இருந்தாலே தெரியும் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளணும் என்கிறது 8-ஆம் பிரிவு.

அந்த ஒரு பிரிவு சேர்ந்ததும் ஜாமீனின் நிலைமையே மாறுது. 18-ஆம் பிரிவுப்படி முன்ஜாமீன் கிடையாது. (மேலோட்டமாகப் பார்த்தாலே வழக்கு இல்லை என்று தெரிந்தால் கொடுக்கலாம் என்று 2020-ல் ஒரு விலக்கு சொன்னார்கள்.) டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்கணும். இந்த வேலைக்குப் பயந்தே பல ஸ்டேஷனில் பிரிவைச் சேர்ப்பதில்லை என்பது என் எண்ணம். எல்லாவற்றுக்கும் மேலே 15ஏ. ஜாமீன் மனு வந்தால் அவளுக்குத் தகவல் கொடுக்கணும், அவளைக் கேட்கணும். 2021-ல் ஹரிராம் பாம்பி வழக்கில், இந்தத் தகவல் கொடுக்கப்படவில்லை என்பதற்காகவே ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. நடைமுறையில், முந்தின நாள் சாயங்காலம் ஏட்டு போன் பண்ணி "நாளைக்குக் கோர்ட்டுக்கு வந்துடும்மா" என்பார். கூலி வேலையை விட்டுட்டு, வக்கீல் இல்லாமல், மனு நகல் கூடப் பார்க்காமல் வந்து நிற்பாள். இதைக் 'கேட்டாச்சு' என்று எழுதிக்கொள்வார்கள். நகல் வேணும், வக்கீல் வைக்க நாள் வேணும் என்று அங்கேயே கேட்கலாம். நீங்கள் கூடப் போகணும்.

வன்கொடுமைப் பிரிவு சேராவிட்டாலும் கதவு மூடவில்லை. 2022-ல் லக்கிம்பூர் கேரி வழக்கில், பாதிக்கப்பட்டவரை ஜாமீன் கட்டத்திலும் கேட்கணும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. இடையீட்டு மனு போடுங்கள்.

போய் என்ன கேட்பது? உள்ளே போடு என்று மட்டும் கேட்டால் வெறுங்கையோடு திரும்புவோம். அவன் அவள் இருக்கும் தெருவுக்கு வரக் கூடாது, ஆள் விட்டுப் பேசக் கூடாது என்று நிபந்தனை கேளுங்கள். அவளுடைய பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் அந்த வீட்டுப் பெட்டியில் மாட்டியிருக்கும், அதையும் சொல்லுங்கள். ஜீவனாம்சத்தை ஜாமீன் நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2009-லேயே சொல்லிவிட்டது. அதற்கு 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் தனி மனு, அதே வாரத்தில். சேர்ந்து வாழு, சமாதானமாகப் போ என்று நீதிபதியே ஆரம்பித்தால் 2021-ஆம் ஆண்டு அபர்ணா பட் தீர்ப்பை எடுத்துக் காட்டுங்கள். பாலியல் தொல்லை கொடுத்தவன் அந்தப் பெண்ணுக்கே போய் ராக்கி கட்டிக்கொள்ளணும் என்று 2020-ல் மத்தியப் பிரதேசத்தில் நிபந்தனை போட்டதை ரத்து செய்த தீர்ப்பு அது.

கடைசியாக, நம் தெருவிலேயே நடப்பது. அடிப்பவனும் நம்மாள், அடிபடுபவளும் நம்மாள். வன்கொடுமைச் சட்டம் வராது, 498ஏ-தான். அப்போது நம் தோழர்களே போய், "போலீசுக்குப் போகாதம்மா, நம்ம பையனை அவங்க கையில கொடுக்கணுமா?" என்கிறார்கள். போலீஸ் நம் பையனுக்கு என்ன செய்யும் என்ற பயத்தில் உண்மை இருக்கு. அவன் உள்ளே போனால் ரத்த உறவில் ஒரு ஜாமீன்தாரர், இன்னொருவர், சொத்துச் சான்று என்று அலையவிடுவார்கள். ஜாமீன் கிடைத்தும் வெளியே வராமல் கிடப்பான். கடைசியில் வீட்டில் சோறில்லாமல், அடிபட்டவளே அவனுக்கு ஜாமீன்தாரர் தேடி அலைவாள். இதற்கும் வழி இருக்கு. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவுப்படி, ஜாமீன் கிடைத்து 7 நாளில் வெளியே வராவிட்டால் சிறை அதிகாரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்லணும். ஒரு மாதம் ஆனால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றமே எடுத்துப் பார்க்கலாம்.

அவனுக்கு ஜாமீன்தாரரை அமைப்பே கொடுக்கட்டும். ஆனால் அவன் வெளியே வந்து தங்கும் இடம் அவள் வீடு அல்ல, அமைப்புக்காரர் ஒருவர் வீடு. அவளுக்கு வக்கீலையும் அமைப்பே வைக்கட்டும், புகாரைத் திரும்ப வாங்கச் சொல்லாமல். இரண்டு வேலைக்கும் ஒரே ஆளை அனுப்பாதீர்கள். அவளோடு போகிறவர் பெண் தோழராக இருக்கட்டும். இதை எங்கள் பகுதியில் சொன்னபோது, ரெண்டு பக்கமும் நிற்க முடியுமா என்று கேட்டார்கள். நீங்களும் கேட்பீர்கள், கேளுங்கள், பேசுவோம்.