மூச்சுக்காக ஓர் அறுவை



சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்து இளைஞன் ஒருவன் பள்ளி வாசலில் என்னை நிறுத்தினான். அவன் தகப்பனார் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர்; அத்தனை ஆண்டும் சிகரெட் பிடித்தவர். அப்போது பினாங்கு ஆஸ்பத்திரி ஒன்றில், தொண்டையில் குழாயோடு, சுவாச இயந்திரத்தின் துணையில் கிடந்தார். "டீச்சர், நுரையீரலைக் கொஞ்சம் வெட்டி எடுத்தால் மூச்சு வந்துவிடுமாம். வெட்டச் சொல்லலாமா?" என்று கேட்டான்.

மூச்சு முட்டுகிறவருக்கு இருக்கிற நுரையீரலையும் வெட்டுவதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், அவன் கேள்விப்பட்டது பொய்யல்ல.

எம்பிசீமா என்னும் நோயில் நுரையீரலுக்குள் இருக்கும் நுண்ணிய காற்றுப் பைகளின் சுவர்கள் சிதைந்துபோகின்றன. வெயிலில் கிடந்து தொய்ந்த ரப்பர் வளையத்தை இழுத்துவிட்டால் சுருங்குமா? நம் மக்களுக்கு ரப்பரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தொய்ந்த நுரையீரலும் அப்படித்தான். உள்ளே போன காற்றை வெளியே தள்ளாது. பழைய காற்று தேங்கி நெஞ்சு பீப்பாய்போல் உப்பிவிடும். நெஞ்சின் அடியில் குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை தட்டையாகி, மூச்சிழுக்க வலுவற்றுப் போகும். மிகவும் கெட்ட பகுதியை எடுத்துவிட்டால், மீதிப் பகுதி விரிய இடம் கிடைக்கும். தசையும் வளைவுக்குத் திரும்பும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஓட்டோ பிராண்டிகன் என்ற மருத்துவர் 1950களில் இதைச் செய்து பார்த்தார். இறந்தவர்கள் அதிகமானதால் முறை கைவிடப்பட்டது. 1990களில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஜோயல் கூப்பர் அதற்கு மறுவாழ்வு கொடுத்தார். வெட்டிய ஓரத்தில் காற்றுக் கசியாதிருக்க, மாட்டின் இதய உறையைப் பட்டையாக வைத்துப் பிணைத்தார்.

பிறகு அமெரிக்காவில் 1,218 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2003இல் வந்தது. நோய் நுரையீரலின் மேற்பகுதியில் மிகுந்து, நடமாடும் சக்தியும் குறைந்திருந்தவர்களுக்கு அறுவையால் ஆயுள் நீண்டது. ஆனால், 2001இலேயே அந்த ஆய்வு ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தது. மூச்சுத் திறன் மிகவும் குன்றி, நோய் எங்கும் ஒரே சீராகப் பரவியவர்கள் போன்றோரில் 100க்கு 16 பேர், அறுவை முடிந்து 30 நாளுக்குள் இறந்தார்கள். அதே நிலையில் மருந்தோடு இருந்தவர்களில் அந்த 30 நாளில் ஒருவரும் இறக்கவில்லை.

இயந்திரத்தில் இருப்பவர் நிலை இன்னும் சிக்கலானது. இயந்திரம் காற்றை அழுத்தித் தள்ளும். பிணைத்த இடம் கசியும். அதனால் மருத்துவர்கள் பெரும்பாலும் தயங்குவார்கள். 1996இல் பிலடெல்பியாவில், இயந்திரத்தை நம்பியிருந்த மூவர் இந்த அறுவைக்குப் பின் அதிலிருந்து விடுபட்டதாக மருத்துவர்கள் எழுதினார்கள். மூவர் கதையை நம்பி நம் தகப்பனாரை மேசையில் கிடத்தச் சொல்ல முடியுமா?

"வெட்டுங்கள் என்று சொல்லாதே தம்பி, ஸ்கேனில் நோய் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கேள். அறுவை இல்லாமல் இயந்திரத்தைக் கழற்ற வழியுண்டா என்றும் கேள்" என்றேன்.

கேட்டான். நோய் நுரையீரல் முழுவதும் பரவியிருந்ததாம். அறுவை வேண்டாம் என்றார் டாக்டர். நெஞ்சில் சேர்ந்திருந்த கிருமித் தொற்று குறைந்ததும், பகலில் கொஞ்ச நேரம் இயந்திரத்தை நிறுத்திப் பழக்கினார்கள். பதினெட்டாம் நாள் குழாயை எடுத்துவிட்டு முகமூடி வைத்தார்கள். இப்போது அவர் வீட்டு வாசலில் ஆக்சிஜன் இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் யாராவது சிகரெட்டோடு வந்தால் மகன் எழுந்து நிற்கிறான்.