வலைப்பூவும் வருமானமும்

(ஆசிரியர்களுக்கான கணினித் தமிழ்ப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வலைப்பூ எழுதும் கலை' என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. ஆனால் காலையிலிருந்து என்னிடம் பேசிய ஏழெட்டுப் பேரில் ஒருவர்கூடக் கலையைப் பற்றிக் கேட்கவில்லை. "ஐயா, அதில் மாதம் எவ்வளவு வரும்?" என்றுதான் கேட்டார்கள். கேட்பதில் தவறே இல்லை. வீட்டுக் கடன் கட்டுகிறோம், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கிறோம். எனவே தலைப்பைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, பணத்தைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் என் கணக்கு. 2009இல் அறிவியல் பட்டதாரி ஆசிரியராக ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது எழுதத் தொடங்கினேன். 2019 மே மாதம் ஓய்வு பெறும்வரை என் பக்கத்தில் ஒரு விளம்பரம்கூட இல்லை. அதன் பிறகே வைத்தேன். முதல் நூறு டாலர் சேரப் பதினான்கு மாதம் ஆயிற்று. இப்போது சராசரியாக மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் வருகிறது. அதிலும் பிப்ரவரி, மார்ச்சில் கொஞ்சம் கொழிக்கும். மே மாதம் பக்கத்தை எட்டிப் பார்க்க ஆளிருக்காது. முன் வரிசையில் சிலர் முகம் வாடுவது தெரிகிறது. பரவாயில்லை, இது முதலிலேயே தெரிந்துவிடுவது நல்லது.

இந்த விளம்பரப் பணம் எப்படி வருகிறது? பெரும்பாலும் கூகுளின் ஆட்சென்ஸ் வழியாக. 2003இல்தான் கூகுள் பிளாக்கரை வாங்கியது, ஆட்சென்ஸும் அதே ஆண்டு வந்தது. ஆனால் தமிழில் எழுதும் பக்கங்களுக்கு அது முறைப்படி திறந்தது 2018 பிப்ரவரியில். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் தமிழில் எழுதிக் குவித்தவர்கள் பெரும்பாலும் காசு எதிர்பார்க்காமல் எழுதியவர்கள். இணையத்தில் இன்று தேடினால் கிடைக்கும் நல்ல தமிழ்க் கட்டுரைகளில் பல அந்தக் காலத்தவை என்பது என் எண்ணம்.

விளம்பரதாரர் நூறு ரூபாய் கொடுத்தால் ஏறத்தாழ அறுபத்தெட்டு ரூபாய் எழுதுபவருக்கு வரும். கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்கு அஞ்சலில் ஒரு சரிபார்ப்பு எண் வரும். நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்குப் போகும். மாதம் ஐந்து டாலர் ஈட்டுகிறவர் இருபது மாதம் காத்திருக்க வேண்டும். பக்கத்தை ஆயிரம் முறை பார்த்தால் இவ்வளவு என்றுதான் வருவாயைக் கணக்கிடுவார்கள். அந்த 'இவ்வளவு', படிப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், எந்த மொழியில் படிக்கிறார், விளம்பரம் கொடுப்பவர் எவ்வளவுக்கு ஏலம் கேட்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். ஆங்கிலத்தில் காப்பீட்டைப் பற்றி எழுதுகிறவருக்குக் கிடைப்பது, தமிழில் ஒளிச்சேர்க்கையைப் பற்றி எழுதும் நமக்குக் கிடைக்காது. ஆக, நமக்கு இருக்கும் ஒரே வழி கூட்டம் சேர்ப்பது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் வரும் பக்கத்தில் கூட்டம் எதற்குச் சேரும் என்று உங்களுக்கே தெரியும். ஐப்பசி மழை இரவில், 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா? வெளியான அதிரடி அறிவிப்பு!' என்று ஒரு தலைப்புப் போடுங்கள். உள்ளே, 'மாவட்ட ஆட்சியர் இன்னும் அறிவிக்கவில்லை' என்று ஒரே ஒரு வரி இருக்கும். அதைப் படிக்க ஆயிரக்கணக்கானோர் வந்து ஏமாந்து போவார்கள். ஏமாந்தாலும் விளம்பரம் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது, காசு எண்ணப்பட்டுவிட்டது. அகவிலைப்படி, மாறுதல் கலந்தாய்வு, பழைய ஓய்வூதியம் என்று எதை வேண்டுமானாலும் இப்படி எழுதலாம். எனக்குத் தெரிந்த நல்ல ஆசிரியர் ஒருவர், ஒரு காலத்தில் கணக்குப் புதிர்களை அழகாக எழுதிக்கொண்டிருந்தவர், இப்போது இரவு பதினொரு மணிவரை இந்த வேலையைத்தான் செய்கிறார். புதிர் எழுதி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அவரிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எந்த விளம்பர நிறுவனமும் கணக்கிட்டுச் சொல்லாது.

இன்னொருவர் கதை வேறு. தம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், 'பக்கத்தைத் திறந்து விளம்பரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வாருங்கள்' என்று கேட்டார். இப்படிக் கேட்பதே விதிமீறல். தாமே தொடுவதும் விதிமீறல்தான். தொடுதல்கள் எங்கிருந்து எப்படி வருகின்றன என்று அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தொண்ணூறு டாலருக்கு மேல் சேர்ந்திருந்த நிலையில் கணக்கை முடக்கிவிட்டார்கள். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். பெற்றோரிடம் அப்படிக் கேட்ட பிறகு, மறுநாள் அவர்களிடம் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பற்றி எந்த முகத்தோடு பேசுவது?

அடுத்தது பணி விதி. நம்மில் பலர் இதைப் பேசத் தயங்குகிறோம். பணியில் இருப்பவருக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 பொருந்தும். முன் அனுமதி இல்லாமல் வணிகமோ வேறு வேலையோ செய்யக் கூடாது. எப்போதாவது ஒரு கதை, கட்டுரை எழுதுவது வேறு. மாதாமாதம் விளம்பர வருவாய் வரும் தளம் நடத்துவது வேறு. உங்கள் தளம் இதில் எந்தப் பக்கம் சேரும் என்பதை நீங்களே தீர்மானிக்காதீர்கள். தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 'மனைவி பெயரில் கணக்குத் தொடங்கிவிட்டேன்' என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். எழுதுவது நீங்கள், பெயர் மட்டும் அவருடையது என்றால், நாளைக்கு விசாரணை வரும்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் இருவராகிவிடுவார்கள், அவ்வளவுதான். நான் பத்து ஆண்டு விளம்பரம் இல்லாமல் எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். இரவில் நிம்மதியாகத் தூங்கினேன்.

வருமான வரியையும் மறந்துவிடாதீர்கள். சம்பளத்தை மட்டும் காட்டி எளிய படிவத்தில் கணக்கை முடித்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு. தொழில் வருவாய் என்று வந்துவிட்டால் ஐ.டி.ஆர்.1 படிவம் பொருந்தாது. பணம் வெளிநாட்டிலிருந்து வருவதால் எதற்காக வருகிறது என்று வங்கியும் கேட்கும்.

பதிப்புரிமைக்கு வருகிறேன். இதில் சற்று நின்று பேச வேண்டும். வகுப்பில் கற்பிப்பதற்காக ஆசிரியர் ஒரு நூலின் பகுதியைப் படியெடுத்துப் பயன்படுத்த 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. பிரிவு 52இல் அது இருக்கிறது. இந்தச் சலுகை வகுப்பறைக்கு உரியது. அதே பக்கங்களை வருடி, மேலும் கீழும் விளம்பரம் வைத்து இணையத்தில் போடும்போது நாம் ஆசிரியராக நிற்கவில்லை, பதிப்பாளராக நிற்கிறோம். பாடநூலின் படங்களும் தனியார் வழிகாட்டி நூல்களின் வினா விடைகளும் நம்முடையவை அல்ல. நிறையத் தளங்கள் இவற்றை வைத்தே நடக்கின்றன என்பது உண்மைதான். அதற்காக அது சரி என்றாகிவிடாது.

படம் வேண்டுமென்றால் விக்கிமீடியா பொதுவகத்தில் தேடுங்கள். எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டால், விளம்பரம் உள்ள பக்கத்திலும் அங்குள்ள படங்களைப் பயன்படுத்தலாம். மற்ற இடங்களில் 'வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற நிபந்தனையோடு இருக்கும் படங்களை, விளம்பரம் வைத்தவர் தொடாமல் இருப்பதே நல்லது. தமிழாசிரியர்களுக்கு ஒரு நல்ல செய்தி: நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்துகளை யாரிடமும் அனுமதி கேட்காமல் வெளியிடலாம். 1949இல் பாரதியின் எழுத்துகளிலிருந்து தொடங்கிய வழக்கம் இது. ஆனால் மூலம்தான் பொதுச் சொத்து. இன்றைய பதிப்பாசிரியர் ஒருவர் சேர்த்த உரையும் அடிக்குறிப்பும் அவருடையவை.

நாம் எழுதியதை அடுத்தவர் எடுத்துக்கொள்வதும் நடக்கும். என் கட்டுரைகள் முப்பதை ஒருவர் அப்படியே தம் பக்கத்தில் போட்டிருந்தார். என் பள்ளிக் கரும்பலகையின் படம், அதன் மூலையில் சுண்ணக்கட்டியால் எழுதிய தேதி, வருகைப் பதிவு எண்ணிக்கை எல்லாம் அதில் அப்படியே இருந்தன! கூகுளுக்கு முறைப்படி புகார்ப் படிவம் அனுப்பினேன். அந்தக் கரும்பலகையே சான்றாக அமைந்தது. பக்கங்களை நீக்கினார்கள்.

அந்தக் கரும்பலகைப் படத்தில் ஒரு பிள்ளையின் முகம்கூட இல்லை. இதைத் திட்டமிட்டே செய்தேன். பிள்ளைகளின் முகத்தையும் பெயரையும் வைத்துப் பார்வையாளரைச் சேர்க்கும் பழக்கம் இப்போது பெருகிவருகிறது. அழுகிற பிள்ளை, விடையைத் தப்பாகச் சொல்லும் பிள்ளை, மதிய உணவு சாப்பிடும் பிள்ளை என்று எல்லோரும் காணொளியில் வருகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு இருபது வயதாகும்போதும் அந்தக் காணொளி இணையத்தில் இருக்கும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறையாதவர் எல்லோரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து, குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரும் பக்கத்தில் விளம்பரம் வைக்கிறவர், அங்கே சூதாட்டச் செயலிக்கும் உடனடிக் கடனுக்கும் விளம்பரம் தோன்றாமல் தடுக்க வேண்டும். ஆட்சென்ஸ் அமைப்புகளில் இன்னின்ன வகை வேண்டாம் என்று அடைத்துவிட வழி இருக்கிறது. நான் அடைத்து வைத்திருக்கிறேன். வருவாய் கொஞ்சம் குறைந்தது. இருக்கட்டும்.

"இவ்வளவும் பார்த்தால் பிறகு எதை எழுதுவது?" என்று கேட்பீர்கள். என் பக்கத்தில் ஆண்டுதோறும் அதிகம் பேர் படிக்கும் கட்டுரை எது தெரியுமா? செம்பருத்தித் தாள். செம்பருத்தி ஓர் இயற்கை நிறங்காட்டி என்று எந்த வழிகாட்டி நூலிலும் ஒரு வரி இருக்கும். கூகுளில் தேடினால் அந்த விடையை இப்போது தேடல் பக்கமே தொகுத்துக் கொடுத்துவிடுகிறது; நம் பக்கத்துக்கு வர வேண்டிய தேவையே இல்லை. விடையை விற்கும் தளங்களுக்கு இனி காலம் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஆய்வகம் இல்லாத பள்ளியில், நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் அதைச் செய்து காட்டுவது எப்படி? வழவழப்பான தாள் சாற்றை உறிஞ்சாது. வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுக்கும், நிழலில் காயவைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு பட்டால் இளஞ்சிவப்பாகும், சோப்புத் தண்ணீர் பட்டால் பச்சையாகும். வெற்றிலைச் சுண்ணாம்பு கலந்து தெளிந்த நீரைத் தொட்டால் என்ன ஆகும் என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் பாட்டியின் சுண்ணாம்பு டப்பியை வாங்கி வந்து பார்த்தோம். இதையெல்லாம் எழுதினேன். கைகழுவும் தண்ணீரை எங்கே வைப்பது, எந்தக் குழுவுக்கு எது தருவது என்பதுவரை எழுதினேன். நாளைக் காலை பாடம் எடுக்கப் போகும் ஓர் ஆசிரியருக்கு வேண்டியது அதுதான். அது வேறு எங்கும் கிடைக்காததால் என் பக்கத்துக்கு வந்தார்.

வருமானமும் அந்த வழியாகத்தான் வந்தது. அப்படி எழுதிய நாற்பது செய்முறைகளைப் பார்த்துவிட்டு ஒரு பதிப்பாளர் கேட்டார். சிறு நூலாக வந்தது. விலை 120 ரூபாய், எனக்குப் பத்து விழுக்காடு. ஆயிரம் படி விற்றால் 12,000 ரூபாய். நூலைப் பார்த்துவிட்டு ஒரு சிறுவர் இதழ் தொடர் கேட்டது. தொடரைப் பார்த்துவிட்டுக் கோடை முகாம்களுக்கு அழைத்தார்கள். விளம்பரத்தில் ஓராண்டு முழுவதும் வந்ததைவிட இவற்றில் வந்தது அதிகம். அச்சுப் பதிப்பாளர் கிடைக்காவிட்டாலும், 2016 இறுதியிலிருந்து அமேசான் கிண்டிலில் தமிழ் நூல்களை நாமே வெளியிட முடிகிறது. அதற்கு முதலீடு எதுவும் வேண்டாம். பணியில் இருப்பவர்கள் இதற்கும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதை மீண்டும் சொல்லிவைக்கிறேன்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. உங்களில் பலர் பத்து, பதினைந்து ஆண்டுகளாக நல்ல வினாத்தாள்களும் பாடக் குறிப்புகளும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் வானவில், பாமினி எழுத்துருக்களில் இருக்கும். அவற்றை அப்படியே ஏற்றினால் தேடுபொறிக்கு அது தமிழாகத் தெரியாது. ஏதோ ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யார் தேடினாலும் உங்கள் பக்கம் வராது. யுனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ணகர னகரங்களை மட்டும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். பழைய கோப்புகள் பென் டிரைவில் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். புதிதாக எழுதுவதற்கு முன் ஆறு மாதத்துக்கு உள்ள சரக்கு அதிலேயே இருக்கும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.