மங்கிய குவாசரும் மறைப்பும்



விண்மீன்போலத் தோன்றினும் குவாசர் விண்மீனன்று. பால்வீதிக்கு வெகு அப்பால், பெருங் கருந்துளையொன்றை நோக்கி வீழும் வாயுவின் ஒளியே அது. கருந்துளைக்கு மிக அண்மையிலிருந்து எக்ஸ் கதிர்கள் புறப்படுகின்றன. அவற்றை நமது வளிமண்டலம் தடுத்துவிடும். நாம் பிழைத்திருப்பதும் அதனாலேதான். ஆகவே தொலைகாட்டியை விண்வெளிக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. 1999இல் ஏவப்பட்ட ‘சந்திரா’, நம்மவராகிய சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது.

பிஎச்எல் 1811 என்னும் குவாசர் விசித்திரமானது. சாதாரண ஒளியில் அது பிரகாசமானது. ஆயின், 2001இல் சந்திரா நோக்கியபோது எக்ஸ் கதிரில் மிக மங்கியே காணப்பட்டது. உள்ளபடியே குறைவா, அல்லது மறைப்பா? மறைப்பென்பது சைவர்களாகிய நமக்குப் பழகிய சொல். இங்கே மறைப்பது வாயு. வாயுத்திரை இருந்தால் மெலிந்த கதிர்கள் அடைபட, வலிய கதிர்கள் ஊடுருவி வரும். எஞ்சி வருபவற்றின் இயல்பே திரையைக் காட்டிக்கொடுக்கும். பிஎச்எல் 1811இல் அத்தகைய சுவடு தெரியவில்லை. எனவே அதன் எக்ஸ் கதிர் இயல்பிலேயே குறைந்ததென 2007இல் ஆய்வாளர் முடிவு கூறினர்.

ஆயினும் வழக்குத் தீரவில்லை. இதனையொத்த வேறு சில குவாசர்களிலிருந்து வலிய கதிர்களே மிகுதியாக வரக் கண்டு, கருந்துளையைச் சூழ்ந்த வாயுத்தட்டே தடித்துநின்று மறைக்கின்றதெனப் பிற்பாடு வேறு சிலர் வாதித்தனர். அவ்வாறாயின், மேலிருந்து நோக்குவோர்க்குப் பிரகாசமாய்த் தெரியும் அதே குவாசர், பக்கத்திலிருந்து நோக்கும் நமக்கு மங்கித் தெரிகின்றது.