மீட்டர் குறைவாக இருந்தால் மோட்டார் நல்லதா?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அங்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாசாயிலிருந்து ஒரு தாயார் கேள்வி அனுப்பியிருக்கிறார். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். பக்கத்துத் தாமானில் ஒருவர் 2019-இல் பதிவான யமாஹா ஒய்15 மோட்டாரை விற்கிறார். மீட்டரில் 4,200 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. விலை ஆறாயிரம் வெள்ளி. புதிது வாங்குவதைக் காட்டிலும் இரண்டு மூன்றாயிரம் மிச்சமாகும் என்று மகன் சொல்கிறான். நகையை அடகு வைத்த பணம் கையில் இருக்கிறது. வாங்கலாமா?

இந்த அம்மாவை முதலில் பாராட்ட வேண்டும். நம்மில் பலர் பணத்தைக் கொடுத்துவிட்டு, மோட்டார் நடுவழியில் நின்ற பிறகுதான் கேள்வி கேட்கிறோம். இவர் முன்னதாகவே கேட்டிருக்கிறார்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாசாயிலிருந்து பாலத்தைக் கடந்து வேலை இடத்துக்குப் போக 35 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போய்வர 70. மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 1,750 கிலோமீட்டர். வருடத்துக்கு 21,000. ஜொகூரில் வேலைக்குப் போகிறவரின் மோட்டார் அப்படித்தான் ஓடும். அந்தக் கணக்கில் 4,200 கிலோமீட்டர் என்பது இரண்டரை மாத ஓட்டம்கூட இல்லை. அப்படியானால் 2019-லிருந்து மற்ற நாளெல்லாம் இந்த மோட்டார் எங்கே இருந்தது? விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். விலையை அப்புறம் பேசலாம்.

நான் படித்தது மக்கள் தகவல் தொடர்பு. மோட்டார் பட்டறைப் படிப்பு அல்ல. ஆனால் விளம்பர வார்த்தைகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பழைய மோட்டார் விற்கிறவர்கள் எழுதுவதைப் பாருங்கள். 'லோ மைலேஜ்', 'ஒரே ஓனர்', 'பெண் ஓட்டியது', கடைசியில் மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லாரும் எழுதும் 'மாசோக் மிஞ்ஞாக் ஜாலான்', அதாவது எண்ணெய் ஊற்றினால் போதும், கிளம்பிவிடலாம். எண்ணெய் ஊற்றினால் எந்த மோட்டாரும் கொஞ்ச தூரம் போகத்தான் செய்யும். எவ்வளவு நாள் போகும் என்பதை அந்த விளம்பரம் சொல்லாது.

மீட்டர் குறைவாக இருப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. நம் ஜொகூரில் அப்படி ஒரு பெரிய காரணம் நடந்தே இருக்கிறது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய நாள் இரவு பாலத்தில் இருந்த கூட்டம் நினைவிருக்கும். அக்கரைக்குப் போனவர்கள் அங்கேயே தங்கினார்கள். போக முடியாதவர்கள் இங்கே வருமானம் இல்லாமல் இருந்தார்கள். 2022 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் பாலம் மோட்டார்களுக்கு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட இரண்டு வருடம் எத்தனையோ மோட்டார்கள் வீட்டு முன்னால் உறையைப் போர்த்திக்கொண்டு நின்றன. 2019-இல் வாங்கிய மோட்டார் என்றால் இந்தக் கதை முழுக்கப் பொருந்தும். விற்பவர் உண்மையே சொல்லியிருக்கலாம். அதனாலேயே மோட்டார் நல்ல நிலையில் இருக்கிறது என்று ஆகிவிடாது.

மோட்டார் ஓடினால்தான் தேயும் என்று நினைக்கிறோம். நின்றாலும் கெடும். டாங்கில் கிடக்கும் பெட்ரோல் பல மாதம் ஆனால் பால் திரிவதுபோலத் திரிந்து பிசின் பிடிக்கும். பழைய கப்சாய் என்றால் கார்புரேட்டரின் சின்னத் துவாரங்கள் அடைபடும்; ஒய்15 போன்றவற்றில் பெட்ரோல் பம்பும் இன்ஜெக்டரும் பாதிக்கப்படும். நம் ஊரின் ஈரக் காற்றில், அதுவும் பாசிர் கூடாங் பக்கம் கடல் காற்றில், டாங்கின் உட்புறமும் செயினும் துரு ஏறும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. நாளாக நாளாகப் பிரேக்கின் பிடிப்பு குறையும். பேட்டரி செத்துப்போகும். முன்பக்க ஃபோர்க் ரப்பர் இறுகி எண்ணெய் கசியும். காற்று வடிகட்டிக்குள் எலி குடும்பம் நடத்திய மோட்டார்களும் உண்டு. எலி ஒயரையும் விட்டுவைக்காது.

எல்லாவற்றிலும் முக்கியமானது டயர். ரப்பருக்கு வயது உண்டு. ஓடாவிட்டாலும் அது காய்ந்து வெடிக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2419 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பூக்கள் செதுக்கியதுபோல் பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். அதிகாலை மழையில் நெடுஞ்சாலையில் லாரிக்குப் பக்கத்தில் போகப்போவது அந்த அம்மாவின் பிள்ளை. இந்த நாட்டில் சாலையில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டாரில் போகிறவர்கள்தான்.

அதே எண் இன்னொரு வேலையும் செய்யும். 4,200 கிலோமீட்டருக்குள் டயர் மாற்ற அவசியம் வராது. ஆகவே மோட்டார் 2019, டயர் 2022 அல்லது 2023 என்று இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். நின்று நின்று வெடித்ததால் மாற்றினேன் என்றால் சரி, ரசீதைப் பார்க்கலாம். பதில் தடுமாறினால் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டும். பழைய மோட்டார்களில் மீட்டர் கேபிள் அறுந்தாலே எண் நின்றுவிடும். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். புதியவற்றில் மீட்டர் செட்டையே மாற்றிவிடலாம். கால் வைக்கும் ரப்பர், கைப்பிடி, கியர் மிதி, பிரேக் டிஸ்க்கின் விளிம்பு, சங்கிலிச் சக்கரத்தின் பற்கள் ஆகியவற்றை யாரும் அவ்வளவு எளிதில் திருப்பிவைக்க முடியாது. 4,200 ஓடிய மோட்டாரில் பற்கள் கூர்மையாகி வளைந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது.

மூன்றாவதாக வெள்ளம். 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் கோத்தா திங்கியும் செகாமாட்டும் மூழ்கின. 2023 மார்ச்சில் பத்து பகாட்டில் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. தண்ணீரில் நின்ற மோட்டாரைக் கழுவிப் பளபளப்பாக்கலாம். இருக்கையைத் தூக்கி ஒயர்கள் சேரும் இடத்தைப் பாருங்கள், முன்விளக்கின் உள்ளே பாருங்கள், சேற்றுப் படிவு தெரியும். என்ஜின் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

என்னைக் கேட்டால், 4,000 கிலோமீட்டர் ஓடிப் பல வருடம் தூங்கிய மோட்டாரைவிட, 40,000 ஓடி, நேரத்துக்கு எண்ணெய் மாற்றி, சர்வீஸ் புத்தகமும் ரசீதுகளும் உள்ள மோட்டாரை நான் நம்புவேன். நேற்றுவரை பாலம் ஏறி இறங்கிய வண்டி நாளையும் ஏற வாய்ப்பு அதிகம்.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாக. கிரானில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாளக் கார்டும் ஒன்றாக இருக்க வேண்டும். என்ஜின் எண்ணையும் சேஸி எண்ணையும் கிரானோடு ஒப்பிட வேண்டும். கடன் பாக்கி இருக்கிறது, நீங்கள் தொடர்ந்து கட்டுங்கள் என்று 'சம்போங் பாயார்' பேசினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி கடன் முடியாத வண்டியை அப்படிக் கைமாற்றுவது குற்றம். மாதாமாதம் நீங்கள் கட்டினாலும் வண்டி உங்களுடையது ஆகாது. ஜே.பி.ஜே.யில் பெயர் மாறும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

இனி அந்தத் தாயாருக்கு என் பதில். நேரே மறுக்க வேண்டியதில்லை, போய்ப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், முன்னாலேயே சொல்லி, 'நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்' என்று கேட்டுக்கொண்டு போங்கள். போனதும் என்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் குளிர்ந்த என்ஜின் கிளம்பச் சிரமப்படுகிறது, அதை மறைக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். நீல நிறப் புகை வந்தால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கை, ஐம்பது வெள்ளி கொடுத்தாவது, கூட அழைத்துப் போங்கள். மகனின் நண்பன் போதாது. அவனுக்கும் அந்த மோட்டார் மேல் ஆசை இருக்கும்.

நின்ற மோட்டார் என்று தெரிந்தும் மற்றதெல்லாம் சரியாக இருந்தால் வாங்கலாம். ஆனால் இரண்டு டயர், பேட்டரி, செயின், பிரேக் எண்ணெய், கூலண்ட், பெட்ரோல் பம்பு சுத்தம் என்று ஐந்நூறு அறுநூறு வெள்ளி செலவு காத்திருக்கிறது. அதை விலையில் கழித்துப் பேசுங்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் மாசாய், பாசிர் கூடாங், உலு திராம் என்று உள்ளூரிலேயே ஓட்டிப் பார்க்கட்டும். வேலைத் தேதி நெருங்குகிறதே என்று அவசரப்பட வேண்டாம். அந்த இரண்டு வாரமும் லார்க்கினிலிருந்து பேருந்தில் போகலாம். அலைச்சல்தான், ஆனால் நகை அடகுக் கடையில் இருக்கும்போது அவசரமாக ஆறாயிரத்தைக் கொடுப்பதைவிட அது மலிவு.

அம்மா, போய்ப் பார்த்தால் அந்த டயரில் உள்ள நான்கு எண்ணையும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த வார அங்கத்தில் அதை வைத்தே பேசுவோம்.